டர்போவுக்கு ஒன்றும் இல்லை

திருவேங்கடம் அந்த வண்டியை வாங்கியது மலை ஏறுவதற்கு அல்ல. கரையான்சாவடி வீட்டிலிருந்து பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டு பக்கத்து டீக்கடைக்குப் போய்வருவதற்கு. செருப்பு தேயாத தூரம். ஆனால் நிலம் விற்றுப் பெரிய மனிதரானவர் நடந்துபோய் டீ குடித்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? அதனால் டர்போ டீசல் எஞ்சின், ஆட்டோமேட்டிக் கியர், ஏணி வைத்து ஏறவேண்டிய உயரத்தில் சீட். ஆற்றில் இறங்கி அக்கரை ஏறும் என்று ஷோரூமில் சொன்னார்கள். அவர் கண்ட ஆறு, மெட்ரோ வேலைக்குத் தோண்டிய பள்ளத்தில் தேங்கிய மழைத்தண்ணீர்தான். அதையும் சேறு தெறிக்கும் என்று சுற்றிக்கொண்டுதான் போவார்.

அப்பா உழுத நெல் வயல்களை ஒவ்வொன்றாக மனை போட்டு விற்றது அவருடைய தொழில். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, வெள்ளை வண்டி. டீக்கடை வாசலில் நிறுத்தினாலும் எஞ்சினை அணைக்க மாட்டார், ஏசி போய்விடும் என்று. அரசியல் பேசி முடிக்கும்வரை அது அங்கேயே நின்று உறுமிக்கொண்டிருக்கும். பிறகு வீட்டுக்கு. அந்த எஞ்சின் ஒரு நாளாவது முழுசாகச் சூடேறியிருக்குமா என்பதே சந்தேகம். ஆயில் மாற்ற வரச் சொல்லி சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தால், "ஓடுனாத்தானப்பா மாத்தணும்? அது பாட்டுக்கு நின்னுகினு கீது. நிக்கிற வண்டிக்கு இன்னாத்துக்குப் புது ஆயிலு?" என்பார். இந்த வாதத்தைத் தன் சாமர்த்தியம் என்று டீக்கடையிலும் சொல்லிக் காட்டுவார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். டீக்கு அவர்தானே காசு கொடுக்கிறார்.

கொஞ்ச காலத்தில் வண்டி நீலப் புகை விட ஆரம்பித்தது. முதலில் காலையில் மட்டும், பிறகு எப்போதும். டீக்கடையில் இருந்தவர்கள் கூடி ஆராய்ந்து, "டர்போ பூட்டிருக்கும்" என்று தீர்ப்புச் சொன்னார்கள். அவர்களில் ஒருவரும் டர்போவைக் கண்ணால் பார்த்தவரில்லை. திருவேங்கடத்துக்கு வருத்தத்துக்கு நடுவில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. வெளிநாட்டு டாக்டர்தான் பார்க்கவேண்டும் என்கிற மாதிரி ஒரு வியாதி தன் வண்டிக்கு வந்துவிட்டதல்லவா.

அந்தப் புகையோடுதான் அவர் தன் அக்கா மகள் ஜெயப்பிரியாவின் வீட்டு விசேஷத்துக்கு வந்து இறங்கினார். முகப்பேரில் அவள் புதிதாக ஒரு ஃபிளாட் வாங்கியிருந்தாள். மேலே ஹோமப் புகையில் கண்ணைக் கசக்கிய சொந்தக்காரர்கள் காற்று வாங்கலாம் என்று கீழே இறங்கி வந்து, தாய்மாமன் வண்டி விட்ட புகையில் இருமினார்கள். மாமன் சீர்த் தட்டுகளை அவர் மனைவி சாமுண்டீஸ்வரி இறக்கிக்கொண்டிருந்தாள். திருவேங்கடம் எஞ்சினை ஓடவிட்டபடியே பக்கத்தில் நின்று அதன் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெயப்பிரியா அம்பத்தூர் எஸ்டேட்டில் எஞ்சின்களைச் சோதித்துப் பார்க்கும் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறாள். நாள் முழுக்கக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஓர் எஞ்சின் கதறும், இந்தப் பக்கம் அவள் அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள். பொய்ப் பணிவு அவளுக்கு வராது. நிஜப் பணிவும் அவ்வளவாக வராது. முட்டாள்தனத்தைக் கண்டால் அவளுக்கு உதடு ஒரு பக்கம் கோணிக்கொள்ளும். அதை மறைக்கவேண்டும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை. பட்டுப்புடவையோடு கீழே வந்தவள் புகையைப் பார்த்தாள். உதடு கோணியது.

"டர்போம்மா," என்றார் திருவேங்கடம். "டர்போ பூட்ச்சி. இன்னா பண்றது? பெரிய வண்டின்னா பெரிய வியாதி."

"யாரு மாமா சொன்னது?"

"அல்லாரும் தான் சொல்றாங்கோ."

"அந்த அல்லாரும் பானெட்ட தொறந்து பாத்தாங்களா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் அவளே திறந்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆயில் ஊற்றும் வாயின் மூடியைத் திருகி எடுத்து, திருகாமல் சும்மா அதன் மேலேயே வைத்தாள். மூடி உலையில் கொதிக்கும் பானைத் தட்டு மாதிரி ஆடியது. ஆடி ஆடிக் கவிழ்ந்து ஓரமாக விழுந்தது. வாயிலிருந்து குபுகுபுவென்று ஆவி வந்தது.

"பாத்தீங்களா? பிஸ்டன் ஓரமா கொஞ்சம் கேஸ் கீழ கசியும் மாமா. எந்த எஞ்சினா இருந்தாலும் கசியும். டர்போ காத்த அமுக்கி உள்ள தள்றதால இதுல இன்னும் ஜாஸ்தி. அது வெளிய போக ஒரு ரப்பர் குழாய் வெச்சிருக்காங்க, பிரீதர்னு. உங்க வண்டியில அது அடைச்சிகிட்டு இருக்கு. உள்ள பிரஷர் ஏறிடுச்சு. டர்போவுக்கு மேல போன ஆயில் திரும்பிக் கீழ எறங்க முடியல. எறங்க வழியில்லாம டர்போ வழியாவே வெளிய வந்து எரியுது. அதான் புகை. டர்போவுக்கு ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லியா?" திருவேங்கடத்தின் முகம் விழுந்தது. நல்ல செய்தி கேட்டவர் முகம் அப்படி விழுந்ததை அங்கிருந்தவர்கள் அன்றுதான் பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்ல. அந்த பிரீதர மாத்திட்டு, பழைய ஆயில வடிச்சிட்டு புதுசு ஊத்துனா முடிஞ்சது. ஒரு மத்தியான வேலை."

"இத்தாப்பெரிய வண்டிக்கு ஒரு ரப்பர் கொழாயா வியாதி?"

"டீக்கடைக்கும் வீட்டுக்குமே ஓட்டினா வேற என்ன வியாதி வரும்? எஞ்சின் சூடாவறதே இல்ல. உள்ள ஆவி தண்ணியாகி, ஆயிலோட கலந்து, களியாகி ஒட்டிக்கிச்சு. உங்க வண்டி ஏப்பம் விட முடியாம அடைச்சிகிட்டு வாந்தி எடுக்குது மாமா. அவ்ளோதான்."

யாரோ சிரித்தார்கள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஜெயப்பிரியாவுக்கு ஆயில் எவ்வளவு பழசு என்று பார்க்கவேண்டியிருந்தது. விழுந்த மூடியை எடுத்து மறுபடி இறுக்கிவிட்டு, ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினாள். உள்ளே அடைபட்டுக் கிடந்தது அந்தத் துளை வழியாகச் சீறி வந்தது. குனிந்து பார்த்துக்கொண்டிருந்த திருவேங்கடத்தின் வெள்ளைச் சட்டையில், மார்பிலிருந்து வயிறு வரை, கறுப்புக் கறுப்பாகப் பொட்டு வைத்தது. இந்தத் தடவை எல்லோரும் சிரித்தார்கள். சாமுண்டீஸ்வரி மட்டும் சீர்த் தட்டுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் சிரித்தாளா என்று யாருக்கும் தெரியாது.

திருவேங்கடம் அன்று பந்தியில் பாயசம் வேண்டாம் என்று இலையை மடித்துவிட்டார்.

*

ஒரு மத்தியானத்தில் தீர்கிற வியாதி என்று சொன்னவள் பேச்சைக் கேட்கிற மனிதர் அவர் இல்லை. அது அவருக்குச் செய்த அவமானம். தன் வண்டிக்கு மரியாதை தெரிந்த ஆளைத் தேடினார். வேலப்பன்சாவடியில் அந்த ஆள் கிடைத்தான்.

வினோத் கடை ஹைவே ஓரம் இருக்கிறது. சுற்றியுள்ள கல்லூரிப் பையன்கள் பைக் சத்தத்தைப் பெரிதாக்கிக்கொள்ள வரும் இடம். கறுப்புச் சுவர், நீல விளக்கு, தோல் சோபா, காபி மெஷின். ஒரு நல்ல ஸ்பேனர் செட் மட்டும் கிடையாது. வினோத் எஞ்சினியரிங் சேர்ந்து, இரண்டாம் வருடத்தோடு அந்தப் படிப்பைக் கைவிட்டவன். படிப்பு அவனை அதற்கு முன்பே கைவிட்டிருந்தது. இப்போது கார்களைப் பற்றி வீடியோ போடுகிறான். பானெட்டைத் திறக்காமலேயே, கண்ணை மூடி, ஒரு கையை அதன் மேல் வைத்துக் கொஞ்ச நேரம் நின்றான். அவனுடைய ஆள் அதைப் படம் எடுத்தான்.

"டர்போ அழுவுது அண்ணாத்தே," என்றான். "எனக்குக் கேக்குது."

திருவேங்கடம் அவன் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒருவன் சொல்ல மாட்டானா என்றுதான் அவர் காத்திருந்தார்.

"என் அக்கா பொண்ணு ஒரு கொழா அடைச்சிகினு கீதுன்னு சொல்லிச்சி. எஞ்சின் கம்பெனில வேல அதுக்கு."

வினோத் இரக்கத்தோடு சிரித்தான். "அவங்கோ ஏசி ரூம்ல உக்காந்து வண்டி பாக்கறவங்கோ. நாம ரோட்ல பாக்கறோம்." அவனுடைய கடையிலும் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதைத் திருவேங்கடம் கவனிக்கவில்லை. நெற்றியில் காற்று பட்டது சுகமாக இருந்தது.

டர்போ மாற்றினார்கள். திருவேங்கடம் அதை ஊரெல்லாம் சொன்னார். சில நாள் புகை இல்லை. பிறகு புது டர்போவும் ஆயிலைக் கக்கியது. அதற்கும் அதே கழுத்துநெரிப்புதானே. வந்த பீஸ் சரியில்லை என்று வினோத் இன்னொன்று மாட்டினான். கூடவே, வண்டிக்குக் காற்று பத்தவில்லை என்று கம்பெனி வைத்த ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றி எறிந்துவிட்டு, கூம்பு வடிவில் சிவப்பாக ஒரு ரேஸ் ஃபில்டரைச் செருகினான். சத்தம் புஸ்ஸென்று வந்தது. திருவேங்கடம் மயங்கிப்போனார். புகையும் வந்தது. அதை அவர் மன்னித்தார்.

மூன்றாம் தடவை போனபோது வினோத் கடைசியில் அந்த பிரீதர் குழாயையே பார்த்துவிட்டான். மூட்டில் ஆயில் கசிந்திருந்தது. "தோ பாருங்க, இங்க லீக்கு!" என்று கூவினான். குழாயைப் பிடுங்கி, வாயில் ஒரு போல்ட்டை நுழைத்து, கிளிப் போட்டு இறுக்கி அடைத்துவிட்டான். சளி ஒழுகுகிறது என்று மூக்கை சிமெண்ட் பூசி அடைக்கிற வைத்தியம். எஞ்சினுக்கு மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச மூச்சும் அதோடு நின்றது. வண்டி ஆயில் குடிக்கிறது என்பதால், "ஜாஸ்தியாவே இருக்கட்டும் அண்ணாத்தே" என்று அளவுக் கோட்டுக்கு மேலேயும் ஊற்றிவிட்டான்.

இதையெல்லாம் சாமுண்டீஸ்வரி போனில் சாவகாசமாகச் சொன்னாள். ஏதோ வீட்டு வேலை நடந்த மாதிரி. போல்ட் என்றதும் ஜெயப்பிரியா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள்.

"போல்ட்டா? பிரீதர்லயா அத்தை? அவனுக்குக் கை மட்டும்தான் இருக்கா?"

"எனக்கு இன்னா தெரியும்? உங்க மாமாதான் சொன்னாரு, இப்ப ஒரு சொட்டு கூட ஒழுவலன்னு."

உடனே மாமாவுக்குப் போன் போட்டாள்.

"மாமா, அந்த போல்ட்ட எடுத்துடுங்க. அது வரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. ஆயில் எல்லாம் காத்து உள்ள போற இன்டேக் பக்கம் தள்ளிகிட்டுப் போகும். போய், அந்தக் காத்த ஆறவைக்கிற கூலர் உள்ள தேங்கும். என்னைக்காவது ஒருநாள் அதையே டீசல் மாதிரி குடிச்சிட்டு ஓட ஆரம்பிச்சுடும். அப்ப நிறுத்தவே முடியாது."

மறுமுனையில் டீ உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. அவர் யோசிக்கிறார் என்று அவள் நினைத்தாள்.

"உன்னாண்ட இன்னா வண்டி கீது?"

"ஸ்கூட்டி."

"ஸ்கூட்டி வெச்சிகினு எனக்கு டர்போ சொல்லித் தர்றியா? ஊட்டுக்கு வந்தவன் சட்டைல ஆயில் அடிச்சது பத்தலியா?"

வைத்துவிட்டார். ஜெயப்பிரியா போனையே பார்த்தாள். மறுபடி கூப்பிடலாமா என்று ஒரு நினைப்பு வந்தது. வந்த வேகத்தில் போனது. படித்துப் படித்துச் சொன்னாலும் கேட்காதவருக்கு எதற்குத் தொண்டையை வறட்டிக்கொள்ளவேண்டும் என்று தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாள்.

*

பட்டாபிராமில், ரயில் பாதைக்கு அப்பால், திருவேங்கடம் புது லேஅவுட் திறந்தார். ஷாமியானா, வாழைமரம், மேடை, அவரே கும்பிட்டபடி நிற்கும் பேனர்கள். வயலாக இருந்த இடத்தில் மனைக்கல் நட்டு, ஒவ்வொரு கல்லுக்கும் மஞ்சள் பூசியிருந்தார்கள். தார் ரோடு என்று ஒரு பட்டை. அந்தப் பட்டை முடிகிற இடத்தில், எல்லோர் கண்ணிலும் படும்படி, வண்டியை நிறுத்தியிருந்தார். வெயில் ஏறியதால் சாமுண்டீஸ்வரி பின் சீட்டில் ஏசியில் உட்கார்ந்திருந்தாள். முழங்கால் வலிக்காரி, அவ்வளவு உயரத்திலிருந்து இறங்கி ஏறுவது அவளுக்கு ஒரு பெரிய வேலை.

அம்மா விடாமல் அனுப்பியதால் ஜெயப்பிரியாவும் வந்திருந்தாள். அவள் கையில் பூஜைத் தட்டைக் கொடுத்திருந்தார்கள். பெரிய எவர்சில்வர் தாம்பாளம், அதில் பூ, பழம், தேங்காய், வெற்றிலை. வினோத் ட்ரோன் கொண்டுவந்து பறக்கவிட்டிருந்தான்.

பூஜை முடிந்து, மனை வாங்க வந்தவர்கள் வெயிலில் நெளிய ஆரம்பித்ததும் திருவேங்கடத்துக்கு ஒரு யோசனை வந்தது. "வினோத்து, வண்டி சவுண்டு கொஞ்சம் காமி. நம்ம ஆளுங்க கேக்கட்டும்."

மனை வாங்க வந்தவனுக்கு எஞ்சின் சத்தம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. வினோத் கறுப்புக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு டிரைவர் சீட்டில் ஏறினான். கியரை பார்க்கிங்கில் வைத்தபடியே ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். உறுமியது. கைதட்டல். இன்னும் மிதித்தான். இன்னும் உறுமியது. மூன்றாவதாக மிதித்துக் காலை எடுத்தான். உறுமல் இறங்கவில்லை.

ஏறியது.

கூலரின் அடியில் நாள்கணக்காகத் தேங்கிக் கிடந்த ஆயிலை அந்த இழுப்பு மொத்தமாக அள்ளி உள்ளே கொண்டுபோயிருந்தது. எஞ்சினுக்கு இனி டீசல் வேண்டாம். தன் ஆயிலையே எரித்துக்கொண்டு, எரிக்க எரிக்க வேகம் கூடி, கூடக் கூட இன்னும் இழுத்துக்கொண்டு ஓடியது. ஊளை மாதிரி ஒரு சத்தம். பின்னாலிருந்து நீலமும் வெள்ளையுமாகப் புகை பந்துபந்தாக வந்து ஷாமியானாவை முழுங்கியது. வினோத் ஸ்டாப் பட்டனை அமுக்கினான். மறுபடி அமுக்கினான். டாஷ்போர்டு விளக்கெல்லாம் அணைந்தது, எஞ்சின் அணையவில்லை. லிஃப்ட் வரவில்லை என்று பட்டனைக் குத்துகிறவன் மாதிரி குத்திக்கொண்டே இருந்தான். பிறகு, வண்டிகளின் அழுகையைக் காதால் கேட்கும் அந்த நிபுணன், கதவைத் திறந்து குதித்து, மனைக்கற்களைத் தாண்டி ஓடினான். பின் சீட்டில் ஒரு மனுஷி இருக்கிறாள் என்ற ஞாபகம் அவனுக்கு வரவேயில்லை.

மனை வாங்க வந்தவர்கள் அவனுக்கு முன்பே ஓடியிருந்தார்கள். யாரோ ஒருவர் ஒரு குடம் தண்ணீரை பானெட் மேல் ஊற்றிவிட்டு, கடமை முடிந்தது என்று அவரும் ஓடினார்.

"அத்தை உள்ள இருக்காங்க!" என்று ஜெயப்பிரியா கத்தியது அவளுக்கே கேட்கவில்லை.

திருவேங்கடம் மேடையிலிருந்து இறங்கி வண்டியைப் பார்த்து ஓடிவந்தார். அந்த உடம்பு ஓடி அவள் பார்த்ததே கிடையாது. ஒரு செருப்பு கழன்றது. வேட்டி ஷாமியானா ஆணியில் மாட்டிக் கிழிந்து கழன்றது, நிற்கவில்லை. புகைக்குள் நுழைந்து பின் கதவை இழுத்துத் திறந்து, சாமுண்டீஸ்வரியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கினார். அவள் பயத்தில் முன் சீட்டைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. "உடு சாமு, உடு, நான் கீறேன்" என்று அவள் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்தார். இருமிக்கொண்டே, அரை டிராயரோடு, மனைவியைச் சுமந்துகொண்டு மனைக்கல்லுக்கு அப்பால் போய் மண்ணில் உட்கார வைத்தார். ஜெயப்பிரியாவின் உதடு அப்போது கோணவில்லை.

அவர்கள் வெளியே வந்ததும் இவள் முன் கதவுக்கு ஓடி, உள்ளே கைவிட்டு பானெட் லீவரை இழுத்தாள். ஆட்டோமேட்டிக் வண்டி, கியரில் போட்டு கிளட்சை விட்டு எஞ்சினை மடக்குகிற வழியில்லை. காற்றை அடைப்பது ஒன்றுதான் வழி. அவள் கம்பெனியில் ஒவ்வொரு சோதனை அறையிலும் அதற்கென்றே ஒரு மூடி உண்டு. இங்கே மூடி இல்லை. அவள் இடது கையில் இன்னும் பூஜைத் தட்டு இருந்தது.

பானெட்டைத் தூக்கினாள். எஞ்சின் குலுங்கிய குலுங்கலில் பக்கத்தில் நிற்கவே முடியவில்லை. வினோதின் ரேஸ் ஃபில்டரைப் பிடித்து இழுத்தாள். கையோடு வந்தது. கிளிப்பை அவன் இறுக்கவே இல்லை. அந்த ஆளின் அரைகுறை வேலையால் உலகத்துக்கு விளைந்த ஒரே நன்மை அதுதான். தாம்பாளத்தைக் கவிழ்த்தாள். தேங்காய் எங்கோ உருண்டது. தட்டின் அடிப்பக்கத்தைத் திறந்த குழாய் வாயில் அறைந்து வைத்தாள்.

அது தட்டை அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஒட்டிக்கொண்டது. எவர்சில்வர் நடுவில் குழிந்தது. ஊளை கமறலாக மாறியது. வண்டி ஒரு தடவை, இரண்டு தடவை முன்னும் பின்னும் உதறியது. உள்ளே எதுவோ மளுக்கென்று ஒடிந்தது. பிறகு நின்றது.

பாதையில் ஒரு மின்ரயில் போகும் சத்தம் கேட்டது. அதுவரைக்கும் எஞ்சின் ஊளையில் எந்த ரயிலும் யார் காதிலும் விழுந்திருக்கவில்லை.

*

பிரித்துப் பார்த்த மெக்கானிக் கூலரைக் கழற்றிக் கவிழ்த்தபோது ஆயில் குடம் சாய்த்த மாதிரி கொட்டியது. பிஸ்டனைத் தாங்கும் கம்பிகள் வளைந்து, பிஸ்டன் உருகி, எஞ்சின் இரும்புக்கடைக்குத்தான் ஆகும் என்றார். டர்போவை மட்டும் துடைத்துச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுக்கு ஒண்ணும் ஆவல சார்" என்று ஆச்சரியப்பட்டார். பிரீதர் வாயிலிருந்து போல்ட்டை எடுத்துத் திருவேங்கடம் கையில் கொடுத்தார். அவர் அதைப் பார்க்காமல் பக்கத்து மேசையில் வைத்துவிட்டார்.

இனி அவர் திருந்தியிருப்பார் என்று யாராவது நினைத்தால், பூந்தமல்லி டீக்கடையில் போய் ஒரு மாலை உட்காரவேண்டும்.

"பட்டன அமுக்கறான், நிக்கல. சாவிய வண்டிய உட்டே வெளிய தூக்கினு வந்தாச்சி, நிக்கல! அவ்ளோ பவரு. அந்தக் கம்பெனிக்காரனே அசந்துட்டான்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். சாவியை யாரும் வெளியே தூக்கிவரவில்லை. கம்பெனிக்காரன் யாரும் அசரவில்லை. வாரன்டி கிடையாது என்று மட்டும் சொன்னான். கதை நாளுக்கு நாள் வளர்ந்தது. கடைசியில் ஒரு வில்லியும் தேவைப்பட்டாள்.

"அது பாட்டுக்கு ஓடிகினு இருந்திருக்கும். ஆயில் தீந்தா தானா நின்னுடும். என் அக்கா பொண்ணு தட்ட வெச்சி அமுக்கி, மூச்சு முட்டிக் கொன்னுட்ச்சி வண்டிய."

இது ஜெயப்பிரியா காதுக்கு வந்தபோது அவள் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முதலில் கோபம்தான் வந்தது. பிறகு சிரிப்பு வந்து புரைக்கேறியது. பல மாதமாக வண்டியின் மூச்சை அடைத்து வைத்திருந்தவர், தன்னைப் பார்த்து மூச்சு முட்டிக் கொன்றாள் என்கிறார். 

வினோத் அந்த ட்ரோன் படத்தை வெட்டி ஒட்டிப் போட்டான். தான் ஓடிய பகுதியை வெட்டிவிட்டு, பட்டனைக் குத்திய பகுதியைப் பின்னணி இசையோடு வைத்திருந்தான். நிறைய பேர் பார்த்தார்கள். கடையில் கூட்டம் கூடியது. திருவேங்கடத்தின் அடுத்த வண்டிக்கும் அவன்தான் வைத்தியர். அடுத்த வண்டி இதைவிடப் பெரியது, அதிலும் டர்போ. அவருக்கும் டீக்கடைக்கும் நடுவில் அதே தூரம்தான்.

சாமுண்டீஸ்வரி மட்டும் அதில் ஏறவில்லை. பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கிய அன்று கதவைத் திறந்துவைத்துக்கொண்டு அவர் நின்றார். அவள், "நீங்க போங்கோ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். காரணம் கேட்டவர்களிடம் திருவேங்கடம், "அவளுக்கு ஏசி ஒத்துக்கல" என்றார்.

ஒரு காலைநேரம் கரையான்சாவடி பஸ் நிறுத்தத்தில் அவளை ஜெயப்பிரியா பார்த்தாள். கையில் பை, முழங்காலில் கட்டு. ஸ்கூட்டியை ஓரம் கட்டினாள்.

"எங்க அத்தை?"

"ஆவடிக்கு. சின்ன நாத்தனா ஊட்டுக்கு."

"ஏறுங்க, நான் கொண்டுபோய் விடறேன்."

"வாணாம்மா. பஸ் வந்துரும்." பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்தாள். "அன்னிக்கே நீ சொன்ன. சரியாத்தான் சொன்ன. ஆனா அத்தினி பேரு எதுர்ல சொல்லிட்ட. தனியா கூப்ட்டு சொல்லியிருந்தா கேட்டிருப்பாரோ இன்னாவோ."

"அவரா? அத்தை, மனசாட்சியோட சொல்லுங்க."

சாமுண்டீஸ்வரி யோசித்தாள். "கேட்டிருக்க மாட்டாரு," என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

"அப்பறம் ஏன் அத்தை அந்த மனுஷனோட..."

"உள்ள வந்தாரே, ஜெயா." அவள் குரல் தாழ்ந்தது. "அந்த வீடியோக்காரன் எறங்கி ஓடிட்டான். இவரு உள்ள வந்தாரு. என் வெரல பிரிச்சாரு. அத நான் மறக்க மாட்டேன். அதுக்குத்தான் இன்னும் அந்த ஆளுக்கு மூணு வேள ஆக்கிப் போடறேன், அவரு அளக்கிற கதையெல்லாம் காதுல வாங்கிகினு."

ஆவடி பஸ் வந்து நின்றது. கம்பியைப் பிடித்து, வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறினாள். மேல்படியில் நின்று திரும்பினாள்.

"சோறு போடுவேன். வண்டில மட்டும் ஏற மாட்டேன்," என்றாள்.

கண்டக்டர் விசில் ஊதினார். ஜன்னலோரத்தில் ஓர் இடம் காலியாக இருந்தது. அதில் போய் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.